மஞ்சள் ஸ்கேனர் வாங்கிய சனிக்கிழமை

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் ஏற்றத்தில்தான் எங்கள் டீசல் கார் முதன்முறையாக மக்கர் பண்ணியது. யாரோ ஓட்டிய காரை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஓட்டுவது நான். என் கணவருக்கு லைசென்ஸ் உண்டு, துணிச்சல் கிடையாது. பின்சீட்டில் அவருடைய அக்காவும் அக்காவின் இரண்டு மகள்களும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி முனகியதே தவிர இழுக்கவில்லை. இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிய ஆரம்பித்தது.

"ஏட்டி, நாங்க இறங்கி நடக்கட்டா?" என்றார் அக்கா.

இறங்கினார்கள். எங்களுக்கு முன்னால் மேலே போய்ச் சேர்ந்து, கைகாட்டி வரவேற்கவும் செய்தார்கள்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனேன். பானெட்டைத் திறக்காமலே சொன்னார்: "டர்போவா இருக்கும் டீச்சர். கழட்டித்தான் பாக்கணும். கோளாறு எங்கன்னு ஸ்கேன் பண்ணுக மெஷின் நம்மகிட்ட இல்ல. ஒரு வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்க."

எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கணக்கு டீச்சர். படிகளைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு மார்க் போட்டதே இல்லை. நாமே ஒரு ஸ்கேனர் வாங்கினால் என்ன என்று துபாயில் இருக்கும் என் அண்ணனைக் கேட்டேன். அவன் உற்சாகமாகிவிட்டான்.

"வாங்குனா பெருசா வாங்கு மக்கா. புதுச் சாவிக்கு புரோகிராம் போடும், ஏர்பேக் பாக்கும், எல்லாம் செய்யும்."

"நான் ஒர்க்‌ஷாப்பா தொடங்கப் போறேன்? இந்த விளக்கு ஏன் எரியுதுன்னு தெரிஞ்சா போதும்."

சனிக்கிழமை நானும் கணவரும் கோட்டாறில் உதிரிபாகக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் மூன்று ஸ்கேனர்களை எடுத்து மேஜையில் வைத்தார். தீப்பெட்டி அளவில் ஒன்று, காரில் மாட்டிவிட்டுக் கைபேசியில் பார்ப்பது. இன்னொன்று சிலேட்டு மாதிரி பெரியது. மூன்றாவது, வயரும் சின்னத் திரையும் நாலைந்து பொத்தான்களும் உள்ள மஞ்சள் பெட்டி.

"அண்ணாச்சி, கார் வாசல்லதான் நிக்கி. மாட்டிப் பாத்துட்டு வாங்கலாமா?"

அப்படி இதுவரை யாரும் கேட்டதில்லையாம். ஆனாலும் அவரே எழுந்து வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், ஸ்கேனர் செருகும் துளை இருந்தது. இத்தனை நாள் ஓட்டியும் நான் அதைப் பார்த்ததில்லை.

தீப்பெட்டி என் கைபேசியோடு உடனே சேர்ந்துகொண்டது. இன்ஜினோடு சேரத்தான் மறுத்தது. பத்து நிமிடம் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பெட்ரோல் வண்டியில நல்லா ஓடும். சில டீசலுக்கு ஒத்து வராது" என்றார் கடைக்காரர். பெரியதைப் போட்டோம். அதில் இருபது மொழிகள் இருந்தன. கார்ப் பட்டியலில் எங்கள் கார் மட்டும் இல்லை. இன்டர்நெட்டில் புதுப்பித்தால் வருமாம். அதற்குள் கணவர் எதிர்க்கடையில் இரண்டாவது சாயாவை முடித்திருந்தார்.

மஞ்சள் பெட்டியைச் செருகி, இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கோளாறு எண் வந்தது: P0299. கூடவே வந்த புத்தகத்தில் தேடினேன். டர்போவிலிருந்து இன்ஜினுக்கு வர வேண்டிய காற்றழுத்தம் போதவில்லை என்று போட்டிருந்தது.

"இதுவே போதும்" என்றேன்.

"அந்த நம்பர அழிக்கதுக்கும் பொத்தான் உண்டு. ஆனா விளக்குதான் அணையும், கோளாறு போவாது, கேட்டேளா" என்றார் அவர்.

கேட்டேன்தான். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. காசைக் கொடுத்ததும் அங்கேயே அழித்தேன், விளக்கு அணைந்தது, பெரிய டாக்டரைப் போல வண்டியை எடுத்துக்கொண்டு பூதப்பாண்டி வரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வரும்போது ஒரு லாரியை முந்தப் போனேன். வண்டி மறுபடி படுத்துவிட்டது, விளக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். "கியர் போடாதீங்க. ஹேண்ட்பிரேக் கிடக்கட்டும். ஆக்சிலரேட்டரை மட்டும் அமுக்குங்க."

"வண்டி ஓடிராதே?"

"ஓடாது. அமுக்குங்க."

பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். அவர் அமுக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், டர்போவிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சுற்றிலும் எண்ணெய்க் கசிவு. காற்றெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கணவரை வெளியே இழுத்து அந்தக் கீறலைக் காட்டினேன். அவரும் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார்.

வண்டியை மறுபடி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டர்போவத் தொடாண்டாம் டீச்சர். குழாய் மாத்துனா போரும்." அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி, அந்தப் பெட்டியை ரெண்டு நாள் தர முடியுமா, வேறு இரண்டு வண்டி நிற்கிறது என்று கேட்டார். எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தேன்.