அம்மா ஊதிய டிரம்பெட்

மகள் கைப்பேசியில் ஜாஸ் இசை போட்டிருந்தாள். அந்த டிரம்பெட் சத்தம் கேட்டதும் அடுக்களையில் நின்ற எனக்கு, சுசீந்திரத்தில் நடந்த மாமாவின் கல்யாணம் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படும் நேரத்தில், பேண்டு செட்டின் டிரம்பெட்காரருக்குப் பல்வலியில் கன்னம் வீங்கிவிட்டது. பெண்வீட்டார் தெருமுனையில் காத்து நின்றார்கள். படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடப் பேண்டில் டிரம்பெட் ஊதியவள் அம்மா.

"நான் வாசிக்கேன்" என்றாள்.

"ஏட்டி, சம்பந்தக்காரங்க என்ன நெனைப்பாவ?" என்று தாத்தா அதட்டினார்.

"நல்லா வாசிச்சா நல்லதா நெனைப்பாவ, அப்பா."

பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஊதினாள். முதல் சுரம் பிசிறியது. யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அம்மா நிறுத்தவில்லை. அடுத்த மூச்சில் சத்தம் கணீரென்று எழுந்து தெப்பக்குளம் வரை போனது. டிரம்ஸ்காரர்கள் சேர்ந்துகொள்ள, ஊர்வலம் நகர்ந்தது. நான் அம்மாவின் பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

பெண்ணின் பெரியப்பா தாத்தாவிடம் வந்து, "ஆரு இது, வாசிக்கது?" என்று கேட்டார்.

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவே கேட்கும்படி சொன்னார்:

"எனக்க மவளாக்கும்!"