ரன்னிங் ஸ்டாஃப் மரியதாஸ்

சென்ற வாரம் ஒரு காலையில், திண்டிவனம் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸைத் திறந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தந்தி மேஜையிலிருந்து எங்கள் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து வந்தார். புதிதாக வந்திருக்கும் பிள்ளை. "விழுப்புரத்துல ரன்னிங் ஸ்டாஃப் ஒருத்தர் தவறிட்டாராம். மத்தியானப் பாசஞ்சர்ல இங்க கொண்டாராங்களாம். டிரைவரா கார்டான்னு கேட்டா ரெண்டும் இல்லன்றான் அங்க இருக்கறவன். அப்புறம் எப்படி சார் ரன்னிங் ஸ்டாஃப்?" என்று கேட்டார்.

ரயிலோடு ஓடுகிற டிரைவர், ஃபயர்மேன், கார்டு ஆகியோருக்குத்தான் ரயில்வேயில் ரன்னிங் ஸ்டாஃப் என்று பெயர். அந்த வேலை எதிலும் இல்லாமல் அந்தப் பெயரோடு விழுப்புரத்தில் வாழ்ந்தவர் ஒரே ஒருவர், டிக்கெட் கலெக்டர் மரியதாஸ். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காமாலை என்று படுத்திருந்தவரை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்த்தேன். "கீழாநெல்லி குடிச்சுக் குடிச்சு நானே செடி மாதிரி ஆயிட்டேன்யா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித் திரும்பி வந்தேன், பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மரியதாஸைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் அவர் ஓடிய கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருகிறீர்கள். அவரை வீரனாக்கிச் சொல்கிறவர்களும் உண்டு, கோழையாக்கிச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டு சற்று நேரம் நான் சொல்வதைக் கேட்கட்டும். அன்றைக்குக் கதவைச் சாத்தியவன் நான்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்பு நாங்கள் இருவரும் விழுப்புரம் ஜங்ஷனில் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் கேட்டில், நான் பார்சலில். மரியதாஸ் இங்கே திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசம் பக்கத்துக்காரர். தாயும் தகப்பனும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கோட்டும் தொப்பியும் போட்ட முதல் ஆள் அவர். கோட்டுப் பொத்தானைச் சாம்பல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். ஆரோக்கியத்தை அப்போதுதான் கல்யாணம் செய்து ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்திருந்தார்.

ஆள் வாட்டசாட்டம். திண்டிவனத்தில் ஒரு கசரத்துக் கொட்டகையில் கர்லாக்கட்டை சுற்றி உடம்பைத் தேற்றியவர். வேலை இல்லாத நேரத்தில் பார்சல் ஆபீஸுக்கு வந்து, நான் கோடு போடும் மர ரூலை என் கையிலேயே கொடுத்து, "குத்துய்யா, பாக்கலாம்" என்பார். குத்தினால் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு. ரூல் அவர் கையில் இருக்கும், நான் மூட்டை மேல் கிடப்பேன். போர்ட்டர்கள் கை தட்டுவார்கள். கத்தியோடு ஒருவன் வந்தால் மரியதாஸ் அவனை என்ன செய்வார் என்பதில் ஜங்ஷனில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவருக்கும் இல்லை.

கத்தியோடு ஒருவன் வந்தான். பெயர் வேண்டாம், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. மரியதாஸின் அப்பா கூலிக்குப் போன நிலத்துக்காரர் வீட்டுப் பையன். டிக்கெட் இல்லாமல் வந்து இறங்கியவனை முந்தின வாரம் மரியதாஸ் கேட்டில் நிறுத்தியிருந்தார். அழைத்துப் போக வந்த அவன் மாமனார் வீட்டார் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க நெலத்துல மல்லாட்டை புடுங்கினவன் மவன் என்னை நிக்க வெக்கிறதா" என்று அன்றைக்கே இரைந்துவிட்டுப் போனான்.

அவன் திரும்பி வந்தது காலைப் பாசஞ்சர் நேரம். கேட்டில் கைக்குழந்தைக்காரிகள், மூட்டைக்காரர்கள், கோழிக் கூடைக்காரர்கள் என்று ஒரே நெரிசல். அவன் டிக்கெட் கொடுப்பவன் போல இடது கையை நீட்டிக்கொண்டு வந்தான். மரியதாஸ் அந்தக் கையைத்தான் பார்த்தார். வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது. விலாவில் குத்து விழுந்தபோது, வெறுங்கையால் குத்துகிறான் என்றே நினைத்தாராம். "கத்தி என் கண்ணுலயே படலய்யா. ரெண்டாந்தரம் கைய ஓங்கறப்பதான் பளிச்சுன்னுது" என்று பிற்பாடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் குத்துக்கு, ரூலைப் பிடிப்பது போலவே மணிக்கட்டைப் பிடிக்கப் போனார். நான் ரூலால் ஒரு குத்து குத்திவிட்டு, பிடிக்கட்டும் என்று கையை நிறுத்திக் காட்டுகிறவன். அவன் நிறுத்துவானா? குத்தி, இழுத்து, மறுபடி குத்திக்கொண்டே இருந்தான். ரத்தத்தில் பிடி வழுக்கி, கத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இரண்டு விரல்கள் அன்றைக்கு மடங்காமல் போனவைதான். மரியதாஸ் முன்கையின் வெளிப்பக்கத்தை முகத்துக்கும் கழுத்துக்கும் முன்னால் கொடுத்து, காலில் தட்டுப்பட்ட ஒரு கோழிக் கூடையை அவன் முழங்காலில் எத்திவிட்டு ஓட்டம் பிடித்தார். "கத்தி, கத்தி" என்று ஸ்டேஷனே அதிரும்படி அலறிக்கொண்டு ஓடினார்.

நான் வாசலில் நின்றிருந்தேன். முன்னால் டிக்கெட் கலெக்டர், பின்னால் கத்தி. என் ஆபீஸுக்குள் பாய்ந்து, "கதவ சாத்துய்யா, ஜல்தி" என்றார். சாத்தித் தாழ்ப்பாள் போட்டு மூட்டையையும் முட்டுக் கொடுத்தேன். வெளியே அவன் கதவைக் குத்திக்கொண்டிருக்கையில், போர்ட்டர்கள் சாமான் வண்டியைத் தள்ளி வந்து அவனைச் சுவரோடு சேர்த்து நெருக்கினார்கள். வண்டியின் நீளம் நடுவில் இருந்ததால் யாருக்கும் காயமில்லை. கத்தி கீழே விழுந்த பிறகுதான் ஆளைப் பிடித்தார்கள்.

உள்ளே மரியதாஸ், "ஒண்ணுமில்லய்யா, கைதான்" என்றார். அவருடைய வெள்ளைக் கோட்டின் விலாப் பக்கம் சிவந்து பரவிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை. நான் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தினேன். ரத்தம் நின்றதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தேன். "எடுத்து எடுத்துப் பாக்காத. அமுக்கிக்கினே இரு" என்று வெளுத்த உதட்டோடு அவர்தான் எனக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே சொன்னார்.

பிழைத்து வந்தவரைப் பார்த்து ஜங்ஷன் சிரித்தது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தக் கும்பலில் போர்ட்டர்களைத் தவிர ஒருவனும் ஒரு விரலை அசைக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்கு மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது. ஆரம்பித்து வைத்தவர் எஞ்சின் டிரைவர் குப்புசாமி. கதவு மாதிரி மார்பு, அதைவிடப் பெரிய குரல். டீக்கடையில் எல்லார் எதிரிலும், "நாங்கதான் ரன்னிங் ஸ்டாஃப்னு நெனச்சிக்கினு இருந்தோம். மரியதாசு எங்களையே தோக்கடிச்சிட்டான்யா" என்றார். கடையே அதிர்ந்தது. மரியதாஸ் கட்டுப் போட்ட கையால் டீ கிளாஸை எடுக்க முடியாமல் எடுத்து, "அப்போ மைலுக்கு இவ்ளோன்னு உங்களுக்குக் குடுக்கற மைலேஜ் அலவன்ஸு எனக்கும் வரணுமே, மேல எழுதிப் போடு குப்புசாமி" என்றார். சிரித்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வேலை இடத்தை விட்டு ஓடினார் என்று விசாரணை வந்தது. வேலை போனால் அவர் போக வேண்டிய இடம் எது? கத்தியால் குத்தினவன் குடும்பத்து மல்லாட்டைக் கொல்லைக்குத்தான். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் தங்கமான மனிதர். மரியதாஸைத் தனியாக அழைத்து, "பொம்பளைங்க, கொழந்தைங்கள காப்பாத்தத்தான் அவன அந்தப் பக்கம் இழுத்துக்கினு போனேன்னு சொல்லிடுப்பா. வேலையும் நெலைக்கும், மெடலும் கெடைக்கும்" என்றார். மரியதாஸ் தலையை ஆட்டினார். சரிதான், பிழைத்தோம் என்று நானும் நினைத்தேன்.

சாட்சி சொல்ல நானும் அந்த அறையில் நின்றேன். விசாரிக்க வந்த வெள்ளைக்காரத் துரை, ஏன் கேட்டை விட்டுப் போனாய் என்று கேட்டார். மரியதாஸ் நிமிர்ந்து, "ஐ ரன், சார்" என்றார். ஓடினேன் என்பதற்கு 'ரேன்' என்றல்லவா சொல்ல வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய், "ரேன், ரேன்" என்று காதோரம் திருத்தினார். மரியதாஸ் அவர் பக்கம் திரும்பினார். "இல்ல சார், ரன்தான். அன்னிக்கும் ஓடினேன், நாளைக்கு வந்தாலும் ஓடுவேன். பயமா இருந்துச்சு, உயிரோட இருக்கணும்னு ஓடினேன். யாரையும் காப்பாத்தணும்னு அந்த நேரத்துல எனக்குத் தோணல. இத அப்படியே துரைக்குச் சொல்லுங்க" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வியர்த்து விறுவிறுத்து அதை இங்கிலீஷில் சொன்னார். துரை பழைய யுத்தத்தில் இருந்தவராம். எழுந்து வந்து மரியதாஸின் கையை வாங்கி, மடங்காத விரல்களைத் தொட்டுப் பார்த்தார். முன்கையின் வெளிப்பக்கத்துத் தழும்புகளையும் பார்த்தார். இனிமேல் அந்தக் கேட்டில் எப்போதும் இரண்டு ஆள் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலை நிலைத்தது. பொய் சொல்லாமலே நிலைத்தது. வெளியே வந்து நான் அவரைக் கண்டபடி திட்டினேன். "திட்டுய்யா, கேக்கறதுக்கு நல்லா இருக்குது" என்றார்.

குப்புசாமி மட்டும் விடவில்லை. கத்திக்காரன் தன் கையில் மாட்டியிருந்தால் அவன் கையை ஒடித்திருப்பதாக வாரம் ஒரு தரமாவது சொல்வார். ஒரு நாள் மரியதாஸ், நான் பார்சலில் குறி போடும் சாக்குக்கட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு, "இதான் கத்தி. வா, என் கையிலேர்ந்து புடுங்கு" என்றார். குப்புசாமி பாய்ந்தார். சாக்குக்கட்டியைப் பிடுங்கவும் செய்தார். ஆனால் அதற்குள் அவருடைய நீலச் சட்டையில் வயிறு, கழுத்தோரம், அக்குள், உள்ளங்கை என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கோடு. "இதுல எந்தக் கோட்டோட நீ வூட்டுக்குப் போவ?" என்று மரியதாஸ் கேட்டார். குப்புசாமி சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"சரி, இப்ப ஓடு" என்றார் மரியதாஸ். அவ்வளவு பெரிய ஆள் தராசைச் சுற்றி ஓட, இவர் துரத்த, நான் சிரித்தே செத்தேன். பிடிபட்டபோது முதுகில் ஒரே ஒரு கோடு இருந்தது. "எப்பவும் ஓட எடம் கெடைக்காது. அப்போ கூடையோ பெட்டியோ, நடுவுல ஒண்ண வெச்சிக்கோ. அதுவும் இல்லாம மூலையில மாட்டிக்கினா, அந்தக் கைய ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கினு விடாத. கீறல் படாம தப்பிக்கலாம்னு மட்டும் கனவு காணாத" என்றார். பிறகு அவருக்கே உரிய கேலியோடு, "கத்தியப் பாத்தா கத்தணும் குப்புசாமி. பேர்லயே சொல்லி வெச்சிருக்காங்க" என்றார்.

மல்லாட்டை சீசனில் ஒரு நாள் குப்புசாமி இங்கே திண்டிவனத்தில், ஸ்டேஷனுக்கு வெளியே யாரோ இருவர் சண்டையை விலக்கப் போனார். ஒருவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். மாட்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து, "கத்தி, கத்தி" என்று ஊரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்து எஞ்சின் மேல் ஏறிக்கொண்டார் நம் குப்புசாமி. விழுப்புரத்தில் வண்டியை நிறுத்தியதும் நேரே கேட்டுக்கு நடந்து, மரியதாஸுக்கு முதுகைக் காட்டி நின்றார். "ஒரு கோடு கூட இல்ல, நல்லா பாத்துக்கோ" என்றார். மரியதாஸ் அந்த முதுகை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான்யா நீ ரன்னிங் ஸ்டாஃப்" என்றார். அன்று முதல் அந்தப் பெயரை யாரும் கேலியாகச் சொல்ல குப்புசாமி விடவில்லை.

சென்ற வாரம் மத்தியானப் பாசஞ்சரில், கார்டு வண்டியில், மரியதாஸ் சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தார். இறக்கப் போன எங்கள் போர்ட்டர்களை, "நகருங்கப்பா, இவரு எங்க ஆளு" என்று ஒதுக்கிவிட்டுக் குப்புசாமி தோள் கொடுத்தார். கூடவே டிரைவர்களும் ஃபயர்மேன்களும் கார்டுகளும். கேட் வழியாகச் சவப்பெட்டி போனபோது எங்கள் டிக்கெட் கலெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். புதிதாக வந்த உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். காலையில் கேட்ட கேள்விக்கு விடை அவருக்குப் புரிந்துவிட்டது.

மண் தள்ளியான பிறகு குப்புசாமி ஆரோக்கியத்தின் முன்னால் போய் நின்றார். "கேலிக்கு நான் வெச்ச பேரும்மா அது. மனசுல வெச்சிக்காத தங்கச்சி" என்று அழுதார். ஆரோக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற பெரிய பெண்ணையும், பையனையும், காலைக் கட்டிக்கொண்டிருந்த கடைக்குட்டியையும் பார்த்தாள். "இதுங்க மூணும் அந்த ஓட்டத்துக்கு அப்புறம் பொறந்ததுங்கண்ணே. நான் இன்னாத்த மனசுல வெக்கப் போறேன்" என்றாள்.

கூட்டத்தில் யார் கையை நீட்டினாலும் மற்றொரு கை எங்கே என்று பார்க்கும் பழக்கம் மரியதாஸ் எனக்குக் கொடுத்தது. பயந்தேன் என்று நாலு பேர் எதிரில் சொல்லும் அவருடைய தைரியம் எனக்கு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. மீதியையும் வரவழைக்கப் பார்க்கிறேன். பார்சல் ஆபீஸில் உட்கார்ந்து எத்தனையோ சரக்கை வாங்கி, உரியவர்களிடம் சேதமில்லாமல் ஒப்படைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது ஞாபகமில்லை. அன்று காலையில் கதவுக்குள் வாங்கித் தாழ்ப்பாள் போட்ட அந்த ஒரு சரக்கை மட்டும் மறக்க மாட்டேன். கொஞ்சம் சேதாரத்தோடுதான், ஆனாலும் அதை ஆரோக்கியத்திடம் உயிரோடு ஒப்படைத்தேன்.