பதினாலாம் நம்பர் செத்துப்போச்சு

நாலு பேர் பிழைக்கணும்னு நாள் முழுக்க எதையாவது சாகடிக்கப் பார்க்கிறதுதான் எங்கள் தொழில். ரத்தப் புற்றுநோய் செல்கள் மருந்துக்கு ஏன் மசிவதில்லை என்று அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கையுறை போட்டே உள்ளங்கை வெளிறிப்போன சகோதர சகோதரிகளே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

சீட்டு

ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் தாஸ் அண்ணன். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றியதும் போன நோய், ஆறே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. இப்போது வேறு மருந்து. உடம்பு கேட்கிற நாளில் மட்டும் முகக்கவசத்தோடு நாலு டிரிப் அடிப்பார். ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்ததிலிருந்து என்னைப் பார்த்தாலே, "என்னுது எப்டி கீது?" என்பார். எங்களுக்கு வரும் குழாயில் நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது, உங்களுடையது எங்களிடம் வந்ததா என்றே தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் விடமாட்டார்.

ஒருநாள், மொத மருந்து ஏன் நிக்கல என்று கேட்டார். ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் ஓடுகிற சீட்டு, இதைச் செய், அதைச் செய் என்று எழுதியிருக்கும், வேலை முடிந்ததும் கிழிந்துவிடணும் என்றேன். ஒரு புரதம் 'சாகாதே' என்கிற சீட்டைக் கிழியவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் மருந்து பலிக்கவில்லை என்று சந்தேகப்படுகிறோம். சிக்னலில் வண்டியை நிறுத்தி யோசித்தவர், எங்கள் மூன்று வருஷ ஆய்வுத் திட்டத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "அப்போ சீட்ட புடிச்சிகினு கீறவன் கைய தட்டி உட்ரு, அவ்ளோதானே?"

விரல்

ஆர்.என்.ஏ.வை வெறும் விரலால் தொட்டால் தீர்ந்தது. நம் தோலில் இருக்கிற நொதியே அதைத் தின்றுவிடும். எங்களிடம் பதினாலாம் நம்பர் என்று யாரோ ஒரு நோயாளியின் செல், மருந்தில் ஊறப்போட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஒரு வாரம் பாடுபட்டு அதன் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தேன். அப்போது அம்மா போன் பண்ணி, தோசையா சப்பாத்தியா என்றாள். கையுறையைக் கழற்றி, தோசை என்று சொல்லிவிட்டு, அதே வெறுங்கையோடு குழாய் மூடியைத் திறந்தேன். ஒரு வார வேலை ஒரு தோசையில் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் ஆய்வுத் தலைவி மேடம் அமைதியாகச் சொன்னார்: "அந்தச் செல்லு அவ்வளவு மருந்தையும் தாங்குது, உன் ஒரு விரலைத் தாங்கலையேம்மா!"

ரயில்

எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். இந்தத் தடவை அந்தப் புரதத்தை முதலில் அடக்கிவிட்டு அப்புறம் மருந்து. சாயங்காலம் வேப்பம்பட்டுக்குத் திரும்பும் ரயிலில், கூட வேலை பார்க்கும் பிரியா போன் செய்தாள். "செத்துப்போச்சா? எல்லாமேவா? ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கத்திவிட்டேன். மகளிர் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்த அக்கா பையை மடியில் இழுத்துக்கொண்டார். பயப்படாதீங்கக்கா, செத்தது செல்லுதான் என்றேன். அவர் என் கையிலிருந்த போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இவ்ளோ நேரம் எதுல பேசிகினு இருந்த?"

மறுநாள்

தாஸ் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். இது ஆய்வகத் தட்டில்தான் நடந்திருக்கிறது, ஆளுக்கு மருந்தாக வர வருஷக்கணக்காகும், பதினாலு உங்களுடையதாக இல்லாமலும் போகலாம் என்று அதையும் சொன்னேன். முகக்கவசத்தைத் தாண்டி அவர் கண் சிரித்தது. "யாருதா இருந்தா இன்னாம்மா, செத்துச்சில்ல? ஏறு, பதினஞ்சு வெயிட்டிங்ல கீதுல்ல."

அந்தப் பதினஞ்சாம் நம்பர் சீக்கிரம் சாகணும் என்று அம்மா சர்ச்சில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள், பாஸ்டர்தான் அதைச் சத்தமாகப் படிக்க இன்னும் தயங்குகிறார்.