ஆணி அடிக்காத கால்

மற்ற வண்டிக் குதிரைகள் திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குள் வருவது காதுக்குத்தான் முதலில் தெரியும். தார் ரோட்டில் லாடம் "டக் டக்" என்று அடித்துக்கொண்டு வரும். எங்கள் செவலை மட்டும், நெல் மூட்டையை மெல்ல இறக்கி வைப்பதுபோல "தொப் தொப்" என்று நடந்து வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் சவாரிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தரையையே பார்த்து வளர்ந்த பெண் நான் என்பதால், அதன் நான்கு குளம்புகளையும் வீட்டார் முகங்களைவிட நன்றாக அறிவேன்.

லாடம் இல்லாததற்கு அப்பாவின் வேண்டுதல்தான் காரணம். வாங்கி வந்த புதிதில் செவலை வயிற்று வலியால் புரண்டபோது, அப்பா அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளின் முன்னால் போய் விழுந்து, "இதுவும் ஒங் குதிரைதான் சாமி, ஒங் குதிரைக்கு ஆணி அடிக்கலைல்ல, இதுக்கும் அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். செவலை பிழைத்தது. அன்றிலிருந்து அதன் கால் சாமியின் காலாகிவிட்டது. காலையும் மாலையும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவார். வண்டி அவிழ்த்ததும், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கண்மாய்ச் சேற்றில் நெடுநேரம் நிறுத்தி வைப்பார்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், முன் வலது குளம்பின் அடி விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பைப் பார்த்தேன். பெரியவர்களிடம் சொல்லக் கூச்சம், பேசாமல் இருந்துவிட்டேன். சில வாரங்களில் அது பாதிக் குளம்புக்கு ஏறி, ஒருநாள் சரளை ரோட்டில் செவலை காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மற்ற வண்டிக்காரர்கள், "மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குன கதையாப் போச்சு" என்று அப்பாவைக் கேலி செய்தார்கள்.

லாடம் கட்டும் சேவியரை அம்மாதான் கூட்டி வந்தாள். அப்பா வாசலிலேயே மறித்தார். "ஆணி அடிக்கிறதா இருந்தா அப்படியே திரும்பிருங்கண்ணே. இது சாமிக்குச் சொன்ன காலு."

"ஒங்க சாமிக்கிட்ட எனக்கு எதுக்குத் தம்பி வம்பு?" என்றபடி சேவியர் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் அடிக்குளம்பை அழுத்தினார். "ஊறுன சோப்பு மாதிரி அமுங்குது பாரு. கழுவிக் கழுவியே கெடுத்துட்டியே! இனிமே கால்ல தண்ணி படாமக் காஞ்ச சரளையில நிறுத்து. மாசம் ஒருக்கா வந்து ஓரத்த அரத்தால ராவி விடுறேன். புதுக் குளம்பு மேலேருந்துதான் எறங்கணும். எறங்குனா ஒன் அதிர்ஷ்டம்."

அரமும் இரும்புதானே என்று அப்பா தயங்கினார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "கருப்பரு கையில இருக்க அருவா என்ன வாழமட்டையா? பேசாமக் காலப் பிடிங்க." சேவியர் சிரித்த சிரிப்பில் செவலையே காதைத் திருப்பியது.

அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். கால் சரியாகாவிட்டால் விற்க வேண்டியதுதான். நொண்டிக் குதிரையை அறுப்புக்குத்தான் வாங்குவார்கள் என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. முன்பே சொல்லியிருக்கலாமே என்ற குற்ற உணர்வோடு, சரளை பரப்பிய கொட்டகையில் தினமும் அந்தக் காலருகே குந்தியிருந்தேன். மயிர் முடியும் இடத்துக்கும் வெடிப்பின் நுனிக்கும் நடுவே என் மூன்று விரல் அகலம் இருந்தது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் முடிவில் நாலு விரல் அகலம் இருந்தது. நம்ப முடியாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தேன். வெடிப்பு ஒட்டி ஆறும் என்றுதான் எண்ணியிருந்தேன். அது ஒட்டவே இல்லை, மேலிருந்து மழுமழுவென்று இறங்கிய புதுக் குளம்பு அதைச் சத்தமில்லாமல் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் நானாக வாய் திறந்தேன்: "அப்பா, எறங்குதுப்பா!" அப்பா உடம்பில் ஒட்டிய மில் தவிட்டோடு வந்து மண்டியிட்டு, குளம்பைத் தொடாமல் கைகூப்பினார்.

அடைமழையில் சரளையை மாற்றி மாற்றிக் கொட்டினோம். தை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில், சேவியரின் அரம் ராவிய ராவலில் வெடிப்பின் கடைசித் துண்டு பிறை போலக் கீழே விழுந்தது. சாமி படத்தடியில் வைக்க வேண்டும் என்று அம்மா குனிவதற்குள் எங்கள் நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அத்தனை மாதத்துக்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலை செவலை வண்டியில் பூட்டப்பட்டு, திருமயம் கோட்டையைச் சுற்றி "தொப் தொப்" என்று போனது.

பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டிகள் நின்ற இடத்தில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. செவலையும் இல்லை, அப்பாவும் இல்லை. போன வருஷம் கதவிடுக்கில் என் கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்தபோது, டாக்டரிடம் போகலாம் என்றாள் மகள். "இருக்கட்டும், எறங்கிரும்" என்றேன். தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கறுப்பின் கடைசிப் பிறை நகவெட்டியிலிருந்து விழுந்தது. எறிய மனம் வராமல் அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்; கவ்விக்கொண்டு ஓடத்தான் இப்போது வீட்டில் நாய் இல்லை.