மூன்றாவது ஆள்

அன்று ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நானும், கல்லூரியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் கூடைப்பந்து அணியை என்னோடு சேர்ந்து நடத்திய இரண்டு தகப்பன்மாரும். ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற பயிற்சியாளரை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் பீட்சாப் பேச்சில் போனது.

“குறொன்லாண்ட் கடைப் பீட்சாதான் பீட்சா,” என்றார் மூத்தவர்.

“அங்கை வெறும் மிளகாய்த்தூளைக் கொட்டுறாங்கள், அண்ணை. எங்கட மோர்டென்ஸ்ருட்டிலை சாப்பிட்டுப் பாருங்கோ.”

பிறகு மூத்தவர் பயிற்சியாளர் இருக்கட்டும் என்றார். மற்றவர் வேண்டாம் என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என் மகளை நம்பி விளையாடவிட்டவர் அந்தப் பயிற்சியாளர் ஒருவர்தான். ஆனால் அவள் காலில் போட்டு விளையாடும் சப்பாத்தைத் தன் காசில் வாங்கித் தந்தவரும் அவர். கடன்பட்டவன் பரிந்து பேசுகிறான் என்று நினைப்பார்களோ? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் படித்தவர்கள் முன் வாய் திறக்கவும் பயம்.

“பெரும்பான்மை என்னவோ, அதுதான் என்ரை முடிவும்,” என்றேன். மூன்றாவது ஆள் நானே என்பது சொன்ன பிறகுதான் புரிந்தது.

“அப்ப அனுப்புவம்,” என்றார் இளையவர். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு பயிற்சியாளரின் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவு வரவில்லை. சப்பாத்துக் காசு அறுநூறு குரோனர் இன்னும் கொடுபடவில்லை.