யாரும் கூப்பிடாத எண்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆனி மாதம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் பாதியில் பிரிந்து உள்ளே போனால் வருகிற ஒரு கிராம ஊராட்சியில், இ-சேவை மையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து எனக்குச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழை வருகிற மாதிரி இருந்தாலே போய்விடுகிற இன்டர்நெட். சுவரில் நானே ஒட்டிய நோட்டீஸ் ஒன்று இருந்தது: ‘உங்கள் ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.’ அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள் என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் என் வேலை.

எனக்குச் சொந்த ஊர் கடத்தூர் பக்கம். பஸ் மாறி மாறி வந்து போனேன். அந்த ஊரில் யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. வந்தவருக்கு வேலை முடிந்ததா, அடுத்தவரைக் கூப்பிடு. அவ்வளவுதான்.

இனிமேல் காகித விண்ணப்பமே வாங்கக் கூடாது, எல்லாம் ஆன்லைனில்தான் என்று அப்போது கறாராகச் சொல்லியிருந்தார்கள். எந்தக் குக்கிராமத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். மலையடிவாரத்தில் இருந்த ஒரு குக்கிராமத்துக்கு நேராக மட்டும் எப்போதும் ஏறக்குறைய பூஜ்யம். அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். காரணத்தைக்கூட நாம் எழுத முடியாது, பட்டியலிலிருந்துதான் பொறுக்க வேண்டும். விழிப்புணர்வு இல்லை, சிக்னல் இல்லை, ஆவணம் இல்லை, கடைசியாக ‘இதர’. நான் மாதாமாதம் முதலாவதைத்தான் அழுத்துவேன். மேலே இருப்பவர்களுக்கும் அது பிடித்த காரணம். உடனே ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டு, பேனர் கட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம்.

அந்த மலையடிவாரக் குக்கிராமத்திலிருந்துதான் ஒருநாள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் அந்த வருடம் பிளஸ் டூ முடித்தவள். நர்சிங் கவுன்சிலிங்குக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். அன்றைக்கே விண்ணப்பித்தால்தான் கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தார் ஒப்புதல் தந்து, அந்தப் பெண் அதைக் கடைசித் தேதிக்குள் ஏற்ற முடியும். சான்றிதழ் இல்லையென்றால் கட்டணச் சலுகை இல்லை. அப்பா உயிரோடு இல்லை. அம்மா மரவள்ளிக் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவர். படிக்க வழி இல்லாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று சித்தப்பா மாப்பிள்ளைகூடப் பார்த்து வைத்துவிட்டாராம். இதையெல்லாம் அந்தப் பெண் மளமளவென்று சொன்னாள். அம்மா தன் போனை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஆதார் எண்ணைப் போட்டேன். ஓடிபி அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது. அம்மாவின் போன் மேசை மேல் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிக்னல் இருக்கிறதா பாருங்கள் என்றேன். மகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அது எங்க நம்பருக்கு வராதுங்க அக்கா. எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே நம்பர்தானுங்க.”

விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன் அங்கே பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டிருக்கிறார்கள். போன் நம்பர் சொல் என்றிருக்கிறார்கள். அப்போது அந்த ஊரில் மேட்டின் மேல் இருந்த ஒரே ஒரு வீட்டில்தான் டவர் எடுக்கும். அந்த வீட்டு அம்மாள் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எடுப்பவர், கையில் எப்போதும் போன் இருக்கும். எல்லோருக்கும் அக்கா. எல்லோரும் வரிசையாக அந்த அக்காவின் நம்பரையே சொல்லிவிட்டார்கள். எழுதியவரும் ஏன் என்று கேட்காமல் எழுதிவிட்டார். அப்புறம் யாருக்கு எந்த மெசேஜ் வந்தாலும் மேட்டுக்கு ஏறிப்போய் அக்காவிடம் கேட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கமாகிவிட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆன்லைனில் நம்பரை மாற்றலாம் என்றால், அதற்கான ஓடிபியும் அந்தப் பழைய நம்பருக்கே போகும். பென்னாகரத்தில் ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்து மாற்றலாம், ஆனால் அது பதிவாகிற வரைக்கும் கடைசித் தேதி காத்துக்கொண்டிருக்காது. சரி, அந்த அக்காவுக்கு ஒரு போன் போட்டு எண்ணைக் கேளுங்கள், முடிந்தது வேலை என்றேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

மிச்சத்தை மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. ஊரில் இன்னும் சிலருக்கும் அப்படித்தான். எல்லா மெசேஜும் மேட்டு வீட்டு போனுக்குத்தானே போகிறது, அவள்தான் ஏதோ கைவேலை காட்டிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அம்மா நேராக அந்த வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, நீ நல்லா இருக்க மாட்டே என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்துவிட்டார். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷனோடு ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். அப்புறம் உதவித்தொகை தானாகவே வந்தது. ஆபீஸில் ஏதோ சரிபார்ப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார்களாம். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிடுவது என்று அதிலிருந்து ஊரில் யாருமே கூப்பிடுவதில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குக்கிராமத்திலிருந்து வந்த சிலர், ஓடிபி என்று கேட்டதுமே போனை வூட்டுல வெச்சுட்டு வந்துட்டோம்ங்க, அப்பறம் வரோம் என்று எழுந்து போனவர்கள்தான். திரும்பி வந்ததே இல்லை. நான் விழிப்புணர்வு இல்லை என்று அழுத்திக்கொண்டிருந்தேன்.

எனக்கு யார் சண்டையும் வேண்டாம், வேலை ஆக வேண்டும். மகளிடம் நம்பரை வாங்கி நானே என் போனிலிருந்து அடித்தேன், ஸ்பீக்கரில் போட்டு. அந்த நம்பர் இன்னும் உயிரோடு இருக்கும் என்றே நான் நம்பவில்லை. மணி அடித்தது. எடுத்தார். இ-சேவையிலிருந்து பேசுகிறேன், ஓர் எண் வந்திருக்கும், சொல்லுங்கள் என்றேன்.

“ஆபீஸ்லேர்ந்து பேசறேன்னு ஆயிரம் பேரு சொல்லுவாங்க. அந்த வூட்டுக்காரங்களே பேசினாத்தான் நான் நம்பரைச் சொல்லுவேனுங்க. அன்னியிலேர்ந்து அதான் என் வழக்கம்.”

நான் என் சுவர் நோட்டீஸைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். மகள் போனை வாங்கி, தான் இன்னார் மகள் என்றாள். நீ சின்னப்புள்ள, உன் கொரலு எனக்குத் தெரியாது கண்ணு, உங்கம்மாகிட்ட குடு என்றார் அந்த அக்கா.

மகள் வெளியே ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அம்மா போனை வாங்கவில்லை. மேசை மேல் இருந்த அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நாந்தான்க்கா என்றார்.

“தெரியுது. சொல்லு.”

“பாப்பாவுக்கு. நர்சு படிக்க.”

இதற்குள் முதலில் வந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடி அழுத்தினேன். வெளியே வானம் கறுத்திருந்தது, சொல்லி வைத்த மாதிரி இன்டர்நெட் திணறியது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லைனிலேயே இருங்கள் என்றேன். இரண்டு பேரும் இருந்தார்கள். வருடக்கணக்காகப் பேசாத இரண்டு பெண்கள், பேச ஒன்றும் இல்லாமல், சர்வருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்க மழையா என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். மழை இல்லக்கா, மேகம் மோடம் போட்டிருக்குது, அவ்ளோதான் என்றார் அம்மா. எங்கூட்டு ஓடு என்ன ஆச்சோ என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

“ஓடு நல்லாத்தான் இருக்குது. வாசலை நான் கூட்டறேன்க்கா. வெள்ளிக்கெழமையானா தண்ணி தெளிச்சு கோலம் போட்டுடறேன்.”

மகள் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது தெரியாது போலிருக்கிறது. மண்ணைத் தூற்றிய அதே வாசல். அக்கா, அன்னிக்கு நான் என்று அம்மா ஆரம்பித்தார். அந்தப் பக்கம் டிங் என்று ஒரு சத்தம்.

“இரு, வந்துருச்சு. எழுதிக்கோ.”

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். நான் அடித்தேன். சரிபார்க்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனை வைப்பதற்கு முன் நான் அந்த அக்காவிடம் ஒன்று கேட்டேன். ஊரை விட்டே போய்விட்டீர்கள், இந்த நம்பரை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்? வேலைக்கு வேறு போன் இருக்கிறது, இதற்குத் தனியாக ரீசார்ஜ் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் கம்பெனிக்காரன் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவானாம். அப்புறம் ஊர்க்காரர்கள் எல்லோருடைய எண்ணும் எவன் கைக்கோ போய்விடுமே என்றார். இதையும் சொன்னார்:

“அப்பப்ப நம்பர் வரும்ங்க. யாருக்குன்னு தெரியாது. கூப்பிடுவாங்கன்னு கொஞ்ச நேரம் போனைக் கையிலயே வெச்சிருப்பேன். யாரும் கூப்பிட மாட்டாங்க.”

சான்றிதழ் கடைசித் தேதிக்குள் வந்துவிட்டது. அந்தப் பெண் இப்போது சேலத்தில் நர்சிங் படிக்கிறாள்.

நான் ஊராட்சிச் செயலரிடம் பேசி, ஆதார் கருவியை பென்னாகரத்திலிருந்து அந்தக் குக்கிராமத்துக்கே வரவழைத்தேன். பேனர் கட்டவில்லை. அவரவர் நம்பரை அவரவருக்கு மாற்றுகிற முகாம் என்று வீடு வீடாகச் சொல்லச் சொன்னேன். ஓசூருக்கும் போன் செய்தேன். அந்த அக்கா லீவு போட்டு வந்து, தன் வீட்டைத் திறந்து வைத்துவிட்டு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். நம்பரை மாற்றி முடித்த ஒவ்வொருவரும் அவரிடம் போய், மாத்திட்டேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் அதற்குமேல் ஏதோ பேசினார்கள். நான் கிட்டே போகவில்லை.

வரிசை முடிந்த பிறகும் அந்தப் பெண்ணின் அம்மா மட்டும் கருவியின் பக்கம் வராமல் அக்காவின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். நீங்களும் வாங்க, மூடப்போகிறார்கள் என்று கூப்பிட்டேன்.

“பாப்பாவோடத மாத்தியாச்சுங்க மேடம். என்னோடது அதுலயே இருந்துட்டுப் போவட்டும். இல்லீன்னா இவங்களைக் கூப்பிட எனக்கு வேற என்ன சாக்கு இருக்குது?”

விதிப்படி நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. அந்தக் குக்கிராமத்துக்கு நேராக, நம்பர் மாற்றாதவர் ஒருவர் என்று இன்னும் என் அறிக்கையில் நிற்கிறது. மாதாமாதம் அது காரணம் கேட்கிறது, நான் ‘இதர’ என்று அழுத்துகிறேன். வேறு யாருக்காவது அந்தச் சொல்லை அழுத்த வேண்டி வந்தால் மட்டும், அழுத்துவதற்கு முன் எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்த்து, என்னம்மா ஆச்சு என்று கேட்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்துவிட்டது.