தொண்ணூறு மாடி இறங்க ஐந்து ஞாயிறு

இந்தத் தளத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பஸ் போகும் ஊர்கள். இந்த முறை பாதி தூரம் பஸ், மீதி தூரம் என் தங்கை வீட்டு டிவிக்குள். கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, சிதம்பரம் போய், அங்கே சோபாவில் உட்கார்ந்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். ஐந்து ஞாயிறு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் காரணம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டும், பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாக நான் மேற்பார்வைப் பொறியாளர். ஏணியில் ஏறி, தொட்டிக்குள் இறங்கி, சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. போன வருடம் ஒரு தொட்டியிலிருந்து இறங்கும்போது கால் ஒரு கம்பியைத் தவறவிட்டது. தரைக்கு ஏழே கம்பிதான் பாக்கி. அந்த உயரத்துக்கே குதிகால் எலும்பு உடைந்து நான்கு மாதம் வீட்டில் கிடந்தேன். கால் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஏணியில் மூன்றாவது கம்பியிலேயே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறங்கி வந்து, வெயில் ஜாஸ்தி என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன்.

அதற்கப்புறம் ஆபீஸில் பில் சரிபார்க்கும் நாற்காலி. மேனேஜர் கெட்டவரில்லை. நீங்க ஏன் மேடம் ஏறணும், ஆளை ஏத்தி போட்டோ எடுத்துக்கலாமே என்றார். போட்டோவில் விரிசல் தெரியும், உள்ளே காரை விட்டுப் போன இடம் தெரியாது. அதைத் தட்டினால் வரும் சத்தத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். இதைச் சொன்னபோது, ஆறு வாரம் டைம் தருகிறேன், ஒரு தொட்டி ஏறி இறங்கிக் காட்டுங்கள், இல்லையென்றால் ஆபீஸ் வேலைக்கே நிரந்தரமாக மாற்றி எழுதிவிடுகிறேன் என்றார். நியாயமான பேச்சு. சரி என்றேன்.

என் தங்கை ரீட்டா சிதம்பரத்தில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். போன லீவில் வந்தபோது ஒரு கேம் கன்சோலை வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். டூட்டி முடிந்து வந்தால் ரீட்டா அதில்தான் விழுந்து கிடப்பாள். நான் போனில் புலம்பியதும் அவள் சொன்னது இதுதான்: “ஞாயித்துக்கெழம வா அக்கா. இங்க ஒருத்தி நாள் முழுக்க கட்டடத்து மேல ஏறிக்கிட்டே இருக்கா. ஒனக்கு ஒத்து வருதான்னு பாப்போம்.”

கேமின் பெயரைச் சொல்லப்போவதில்லை, விளம்பரம் என் நோக்கமில்லை. கதை இவ்வளவுதான். ஒரு துறைமுகப் பெருநகரம். அதில் டிராம் ஓட்டும் ஒரு பெண். கவசத்தை மாட்டினால் சுவரில் பல்லி மாதிரி ஏறுவாள், கூரையிலிருந்து குதித்துக் காற்றில் மிதப்பாள், ஊரில் எங்கே திருட்டு, தீ என்றாலும் ஓடுவாள். நகரம் முழுக்கத் திறந்து கிடக்கும். எந்தத் தெருவுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், கதைப்படிதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்து ஓ.டி.யில் 7.20க்கு பஸ் ஏறினேன். சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக 8.40க்குச் சிதம்பரம். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் நாற்பது ரூபாய், ஷேர் ஆட்டோ பதினைந்து. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது ஜன்னலோரம் இருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் நிலைமை அப்படி.

ரீட்டா கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அன்று நான் ஒரு சுவரையும் தொடவில்லை. நாற்பது நிமிடம் தெருவில் நடந்தேன். துறைமுகத்திலிருந்து மீன் சந்தை, அங்கிருந்து டிராம் டிப்போ, அப்புறம் வங்கிகள் இருக்கும் பெரிய வீதி. மேப் கணக்கில் 2.3 கிலோமீட்டர். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நின்றேன். ஊரைக் காப்பாற்றுகிறவள் சிக்னலில் நிற்பதைப் பார்த்து ரீட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். நடைபாதையில் போகிறவர்கள் கூட நின்று செல்ஃபி கேட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், இந்த வாரம் அவளுக்குள் இருப்பது யார் என்று. வீதி முடிவில் தொண்ணூறு மாடிக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று நின்றது. அதை அண்ணாந்து பார்க்காமல் வந்த வழியே திரும்பினேன்.

இரண்டாவது ஞாயிறு மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறினேன். எட்டே விநாடியில் மேலே. கேமரா கீழே திரும்பித் தெருவைக் காட்டியதும் கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன். வாந்திதான். வெறும் படத்துக்கே இப்படியா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ரீட்டா எலுமிச்சை ஊறுகாயை நக்கக் கொடுத்தாள். பிறகு செட்டிங்ஸில் போய் கேமரா குலுங்குவதை நிறுத்தினாள், திரும்பும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள், சோபாவை எட்டடி பின்னால் தள்ளிப் போட்டாள். அதன் பிறகு மறுபடி ஏறினேன். இன்னொரு முறை. பன்னிரண்டு மணிக்குள் பதினாறு தடவை அதே கட்டடம்.

மூன்றாவது ஞாயிறுதான் விஷயம் பிடிபட்டது. பத்து மாடி ஒன்றில் ஏறி, கூரை விளிம்பில் நிற்கிறேன். ஏறியது பெரிய கஷ்டமாக இல்லை. குதி அக்கா, அவ மெதந்து போயிருவா என்றாள் ரீட்டா. குதிக்கிற பட்டன் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது. அழுத்த முடியவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். அப்போதுதான் தோன்றியது: நான் ஏறும்போது விழவில்லையே. இறங்கும்போதுதானே விழுந்தேன். ஏணியில் மூன்றாவது கம்பியில் எனக்கு வருவது ஏறுகிற பயமில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் இதிலிருந்து இறங்கியாக வேண்டுமே என்கிற பயம்.

“இவள சுவத்துலயே எறக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“இந்த கேம்ல யாரும் எறங்க மாட்டாங்க அக்கா. குதிப்பாங்க.”

“நான் எறங்கணும்.”

ரீட்டா என்னைப் பார்த்தாள். பிறகு கன்ட்ரோலரை வாங்கி, தானே முயன்று பார்க்க ஆரம்பித்தாள். இறங்குவதற்கென்று அந்த கேமைச் செய்யவில்லை. சுவரில் வைத்துக் கன்ட்ரோலர் குச்சியைக் கீழ்ப்பக்கம் தள்ளினால் டிராம்காரி கையை விட்டுவிடுவாள். இருபது நிமிடம் கழித்து வழி தெரிந்தது. வலது ஆள்காட்டி விரலால் பிடிப்பு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு, இடது குச்சியை மயிரிழை அளவு கீழே இழுத்தால், ஒரு கால் இறங்கும். பிறகு அடுத்த கால். அவள் களைத்துப் போவதற்குள் ஏதாவது ஒரு ஜன்னல் விளிம்பில் நிறுத்தி மூச்சு வாங்க விட வேண்டும். அந்தப் பத்து மாடியை ஒன்பது நிமிடத்தில் இறங்கினேன். உள்ளங்கை நனைந்து கன்ட்ரோலர் வழுக்கியது.

நான்காவது ஞாயிறு, நேராகத் தொண்ணூறு மாடிக் கோபுரம். லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வெளிச்சுவர் வழியாக இறங்கும் பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று ரீட்டா சொன்னாள். காதுக்குள் போலீஸ் வயர்லெஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. துறைமுகத்தில் தீ, வங்கியில் ஆயுதம் தாங்கிய ஆட்கள், டிராமைக் கடத்திவிட்டார்கள். அன்று அந்த நகரத்தில் மூன்று கொள்ளை நடந்தது. நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாவது மாடிக்கு வந்தபோது விரல் மரத்துப்போய்ப் பட்டனை விட்டுவிட்டது. அவள் விழுந்தாள். தானாகவே மிதந்து, தெருவில் அழகாக இறங்கி, தலைமுடியைக் கோதிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விழுந்தவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் விழுந்தபோது யாரும் கைதட்டவில்லை, மாவுக்கட்டும் சுடுதண்ணீர் பக்கெட்டுமாக நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

போதும் அக்கா, எழுபது மாடி எறங்கினது கணக்குதான் என்றாள் ரீட்டா. கணக்கில்லை என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று கிளம்பினேன்.

ஐந்தாவது ஞாயிறு 10.05க்குக் கோபுர உச்சியில் தொடங்கினேன். இந்த முறை விரல் மாற்றிப் பிடித்துப் பழகியிருந்தேன், வீட்டில் டிவி ரிமோட்டை வைத்து. பதினோரு இடத்தில் நிறுத்தினேன். ரீட்டா சமைப்பதை விட்டுவிட்டுக் கரண்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். 10.52க்கு டிராம்காரியின் கால் நடைபாதையில் பட்டது. கேம் ஒன்றுமே செய்யவில்லை. பாயிண்ட் இல்லை, இசை இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு போனார். நானும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாப்பிட்டுவிட்டு அன்று மதியமே ரீட்டாவின் ஸ்கூட்டியில் பிச்சாவரம் போனோம். கிள்ளை வழியாகப் பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். படகுத்துறைப் பக்கம் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது. நாங்கள் போன அன்று ஏற விட்டார்கள், நீங்கள் போனால் விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறியாயிற்று. சுரபுன்னைக் காடு பச்சைப் பாயாக விரிந்து, நடுநடுவே வாய்க்கால், அந்தப் பக்கம் கடல் கோடு. காட்சியைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள், என் கண் படிக்கட்டில் இருந்தது.

“நான் கூட வரட்டா, கீழ போய் நிக்கட்டா?” என்றாள் ரீட்டா.

“கீழ நில்லு. என்னப் பாக்காத.”

அவள் இறங்கிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாகவே இறங்கினேன். நடுவில் ஒரு படியில் நின்றேன். மறுபடி ஒரு படி. மேலே வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் எனக்கு வழி விட்டு ஒதுங்கியது. அந்த அம்மா, ஏதாச்சும் வேண்டுதலாம்மா என்று மரியாதையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொட்டி. பன்னிரண்டு மீட்டர், நாற்பது கம்பி. பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நான் இறங்கும்போது யாரும் பேசக் கூடாது, கையும் நீட்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்தேன். அவர் பல வருடமாக என்னுடன் வேலை பார்ப்பவர். தலையாட்டினார். 10.15க்கு ஏறினேன். உள்ளே இறங்கித் தட்டிக்கொண்டே போனேன். வடக்குப் பக்கச் சுவரில் ஓர் இடத்தில் டொக்கென்று காரை விட்டுப்போன சத்தம் வந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டேன். மேற்பூச்சு பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. எந்தப் போட்டோவிலும் அது வந்திருக்காது.

இறங்கும்போது முக்கால் தூரம் ஒழுங்காகப் போயிற்று. தரைக்கு ஏழு கம்பி இருக்கையில் உடம்பு நின்றுவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் கேம் எனக்கு உதவவில்லை. அங்கே என் விரல்தான் இறங்கியது. இங்கே கால் வெற்றுக் காற்றில் கம்பியைத் தேட வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேஸ்திரியின் செருப்பு கீழே தெரிந்தது, அது அசையவே இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். நேரம். நாற்பத்தேழு நிமிடம் ஒரு சுவரில் தொங்கியவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் என்ன. நின்றேன். பிறகு வலது கால் தேடியது, கண்டது. அடுத்து இடது கால். மண்ணில் நின்றபோது மேஸ்திரி வாட்சைப் பார்த்து, ஒம்பது நிமிஷம் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

மேனேஜருக்கு அறிக்கை போயிற்று. அடுத்த மாத ஆய்வுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இரண்டு தொட்டி இருக்கிறது.

இதே மாதிரி முயல நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தலைசுற்றல் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், காதில் கோளாறு இருந்தாலும் சுற்றும். கேம் மருந்தில்லை, பழகிக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். கேமராக் குலுக்கலை நிறுத்திவிட்டு உட்காருங்கள், டிவியை விட்டுத் தள்ளி இருங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சிதம்பரத்துக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்குள் பஸ் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும், முகூர்த்த நாள் என்றால் கிடைக்காது. பிச்சாவரத்துக்குத் தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள், மதியம் போகாதீர்கள், நாங்கள் போனது தப்பு. கூட வருகிறவர் உங்களைவிடக் குறைவாகப் பேசுகிறவராக இருக்கட்டும்.

எந்த இடத்தைப் பற்றி எழுதினாலும் மேலே ஏற எவ்வளவு நேரம் என்று எழுதுகிறோம், இறங்குகிற நேரத்தை யாரும் எழுதுவதில்லை. நானும் இதுவரை எழுதியதில்லை. இனி எழுதுவேன். அடுத்த தொட்டி பதினெட்டு மீட்டர். ஏற ஐந்து நிமிடம், இறங்கப் பதினைந்து நிமிடம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.